நோட்டு நம் கையில் இருக்கட்டும்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம், "அண்ணாச்சி, நீங்க வாழ்க்கையில ஜெயிச்ச கதையைச் சொல்லணும்" என்றார். ஜெயித்த கதை என்னிடம் இல்லை. கடன்பட்டுக் கடனை அடைத்த கதைதான் இருக்கிறது. "அதை மேடையில சொல்லலாமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லுங்க, ஆனா இருபது நிமிஷம்தான்" என்றார். கடனுக்கும் தவணை, பேச்சுக்கும் தவணை!

நான் இந்த நாசரேத் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரன். என் அப்பா பனையேறி. பங்குனியில் பாளை கீறத் தொடங்கினால் ஆடி, ஆவணி வரை பனையும் பதனீரும்தான். அதன் பிறகு வேலை இல்லை, வயிறு மட்டும் இருக்கும். அந்த மாதங்களில் கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கியவன் அடுத்த பருவத்துக் கருப்பட்டியை அவருக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். உடன்குடிச் சந்தையில் என்ன விலை போகிறது என்பது எங்களுக்குத் தெரிந்தும் பிரயோசனம் இல்லை. பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் பாக்கி நிற்கும். அந்தப் பாக்கி அடுத்த வருஷத்து முன்பணத்தோடு சேரும்.

அந்த வியாபாரி கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன். கணக்கு அவருடைய நோட்டில் இருந்தது. எங்கள் வீட்டில் நோட்டே கிடையாது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலேயே வட்டிக் கணக்கு போடத் தெரியும். ஆனாலும் ஒரு நாளும் நான் அவருக்காக ஒரு நோட்டு வாங்கிக் கணக்கு எழுதிக் கொடுத்ததில்லை. அது என் புத்தியில் படவே இல்லை.

1876-இல் நம் ஊருக்கு வந்த கனோன் ஆர்தர் மர்காஷிஸ் ஐயர், 1878-இல் இங்கே தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல் என்று கைத்தொழில் கற்றவன் பனையை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. அந்த வழியில்தான் எங்கள் ஊரில் பல குடும்பங்கள் முன்பணத்திலிருந்து வெளியே வந்தன. நான் கல்லூரிப் படிப்பு வழியாக வந்தேன். படித்தேன், திருநெல்வேலியில் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது, மாதச் சம்பளக்காரன் ஆனேன். அப்பாவுக்கு இருந்த கஷ்டம் எனக்கு இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது 2011 மார்ச் மாதத்துக்கு வருகிறேன். எல்லாப் பிடித்தமும் போக என் கைக்கு வந்த சம்பளம் 31,400 ரூபாய். சொந்த வீடு. வாடகை இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு நான் வசதியானவன். ஒருநாள் நான் அலுவலகத்தில் இருந்தபோது வீட்டுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. என் வீட்டம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்திருக்கிறாள். வங்கியில் அடகு வைத்த நகைக்கு ஏல நோட்டீஸ்.

நகை அடகில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரு வருஷமாக வட்டி கட்டாமல் விட்டது தெரியாது. அன்று இரவு பிள்ளைகள் தூங்கின பிறகு, "இது போக வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள். கிரெடிட் கார்டைச் சொன்னேன். "வேற?" என்றாள். சீட்டை முன்கூட்டியே ஏலத்தில் எடுத்ததைச் சொன்னேன். மூன்றாம் தடவை, "ஏங்க, வேற ஒண்ணுமே இல்லியா?" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சேவல் கூவவில்லை, அவ்வளவுதான். தனியாரிடம் மூன்று வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியதையும் சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் பின்பக்கமாக எழுதினோம். நகைக் கடன் 1,60,000. வங்கித் தனிநபர் கடன் 1,84,000. கிரெடிட் கார்டு 62,000. மூன்று வட்டிக் கடன் 1,00,000. ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடன் 1,20,000. சீட்டில் கட்ட வேண்டியது 28,000. பலசரக்குக் கடை 8,400. வளைகுடாவில் இருக்கும் என் மைத்துனர் வட்டியில்லாமல் தந்தது 50,000. கூட்டினால் 7,12,400. அந்தத் தொகையை அதுவரை நான் ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததில்லை. தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொன்றும் சமாளிக்கக்கூடியதாகத்தான் தெரிந்தது.

எதற்கு வாங்கினேன் என்று கேட்பீர்கள். மாடி கட்டினேன், கட்டாமல் இருந்திருக்கலாம். ஒரு ஆபரேஷன் செலவு, அது தவிர்க்க முடியாதது. மற்றதெல்லாம் கிறிஸ்மஸ் துணி, அசனப் பண்டிகைக்கு வரும் விருந்தாளி, கல்யாண வீட்டு மொய், புது டிவி, மோட்டார் சைக்கிள். ஒரு பெரிய தப்பு என்று விரல் நீட்டிக் காட்ட எதுவும் இல்லை.

இந்த இடத்தில் வ.உ.சி. அவர்களை நினைத்துக்கொள்கிறேன். 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட மனிதர். 1912-இல் சிறையிலிருந்து வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. அவர் இறந்தது 1936 நவம்பர் 18. கடைசிக் காலத்தில் எழுதிவைத்த உயிலில், ஜவுளிக்கடை பாக்கி, எண்ணெய்க்கடை பாக்கி, சில்லறைக் கடன் என்று யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகக் குறித்திருக்கிறார். அவர் நாட்டுக்காக இழந்து கடன்பட்டவர், நான் டிவி வாங்கிக் கடன்பட்டவன். இரண்டையும் ஒரு தட்டில் வைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அத்தனை பெரிய மனிதருக்கு எண்ணெய்க்கடை பாக்கியை எழுதிவைப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் தோன்றவில்லையே! எனக்குத்தான் அந்த ஒரு லட்சத்தை மனைவியிடம் சொல்ல இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது.

இனி கணக்கு. மாணவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, வருஷம் 36,000. நான் 26 மாதம் கட்டியிருந்தேன். 78,000 ரூபாய் போய்விட்டது. அசல் அப்படியே ஒரு லட்சம். கிரெடிட் கார்டும் அதே மூன்று சதவீதம்தான், ஆனால் அங்கே வட்டிக்கும் வட்டி ஏறும். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதைக் கட்டினால் போதும் என்று நான் சந்தோஷமாகக் கட்டிவந்தேன். அதில் பாதிக்கு மேல் வட்டிக்கே சரியாகிவிடும். அப்பா வருஷா வருஷம் பாக்கி சுமந்தது எழுத்துத் தெரியாததால் என்று நினைத்திருந்தேன். பட்டதாரியான நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் என் வீட்டம்மா கையிலிருந்த நாலு வளையலையும் கழற்றி மேஜையில் வைத்தாள். ஏழு பவுன். அவள் அம்மா போட்டது. "அடகு வைக்காண்டாம். வித்திருங்க" என்றாள். நான் அடகு என்றுதான் சொன்னேன். "அடகு வச்சா அது இன்னொரு கடன்" என்றாள். எனக்கு மறுபேச்சு இல்லை. பவுன் அப்போது 15 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. தேய்மானம் போக 1,02,000 கைக்கு வந்தது. ஒரு லட்சத்தை அன்றே கொடுத்து, எழுதிக்கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்கினேன். மீதி 2,000-உம், ஈட்டிய விடுப்பை ஒப்படைத்து வாங்கிய 17,200-உம் சேர்த்து 19,200 ரூபாய் வட்டி கட்டி, நகை ஏலத்துக்குப் போகாமல் திருப்பி வைத்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கவரிங் வளையலோடுதான் கோயிலுக்கு வந்தாள். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா, "என்னம்மா, வளையல் மாத்திட்டியா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாக்கா, கனமா இருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறாள். இதை அவள் என்னிடம் சொன்னது மூன்று வருஷம் கழித்து.

அடுத்த நாளிலிருந்து செலவைக் குறைத்தோமா என்றால், இல்லை. முதல் மாதம் எதையும் குறைக்கவில்லை, எழுத மட்டும் செய்தோம். இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் நோட்டு வரும். பிள்ளைகளும் சொல்ல வேண்டும், நானும் சொல்ல வேண்டும். பென்சில் அஞ்சு ரூபாய் என்று மகன் சொல்வான், வடை பன்னிரண்டு ரூபாய் என்று நான் சொல்வேன். சிரிப்பாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் சிரிப்பு நின்றது. சம்பளத்தில் தவணைகளுக்கும் நகை வட்டிக்கும் ஒதுக்கியது போக வீட்டுக்கு இருந்தது 14,800. செலவு 18,350. மாதம் 3,550 ரூபாய் துண்டு விழுந்துகொண்டிருந்தது, அதைத்தான் கிரெடிட் கார்டு சத்தமில்லாமல் தாங்கிவந்திருக்கிறது.

டீயைக் குறை, வடையைக் குறை என்று எல்லாரும் புத்தி சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. என் டீ, வடைக் கணக்கு மாதம் 1,140. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 1,900. மொய்யும் அன்பளிப்பும் 2,700. டீயை விட்டால் மனுஷனோடு இருக்கிற பேச்சையும் விட வேண்டும். வண்டியை விட்டேன். திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் 1923-இலிருந்து நம் ஊர் வழியாக ஓடுகிறது. சீசன் டிக்கெட் எடுத்தேன், மற்ற சில்லறைப் பஸ் செலவோடு சேர்த்து மாதம் 600-இல் முடிந்தது. அங்கே 1,300 மிச்சம். மொய்யை மாதம் 500 என்று கட்டினோம், அங்கே 2,200. துண்டு விழுந்ததில் 3,500 சரியாகிவிட்டது. பாக்கி 50 ரூபாயும், பலசரக்குக் கடைப் பாக்கிக்காக மாதம் கொடுத்த 700-உம் ஓட்டலிலும் பேக்கரியிலும் பிடித்தோம். டீ தப்பித்தது.

கேட்க எளிதாக இருக்கிறது, மொய்க் கணக்கு எளிதாக இல்லை. 2012-இல் என் அக்காள் மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். அக்காள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் ஐந்து பவுனாவது எதிர்பார்த்தாள். நான் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தேன், பந்தல் கால் நட்டதிலிருந்து பாத்திரம் கழுவி அனுப்பியது வரை நின்று வேலை பார்த்தேன். என் கடன் நிலவரத்தையும் அவளிடம் சொன்னேன். "ஊருல எல்லாருக்கும் கடன் இருக்கு தம்பி" என்றாள். பிறகு இரண்டு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று பேசுகிறாள். ஆனால் அந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்தால் நான் இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகப் புரட்டுவாள். கடனை அடைத்ததில் இந்தச் செலவும் உண்டு, எந்த நோட்டிலும் எழுத முடியாத செலவு.

பிறகு நடந்தது வெறும் பொறுமை. மூன்று வட்டிக்குப் போன 3,000 இனி மிச்சம் அல்ல என்று முடிவு செய்தோம். அதைக் கார்டுக்குக் கட்டிவந்த 3,100-உடன் சேர்த்து மாதம் 6,100 கட்டினோம். கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டியது என் மகள். 13 மாதத்தில் கார்டு தீர்ந்தது. அதற்குள் சீட்டும் முடிந்தது. அந்த 2,000-உம் சேர்ந்து 8,100 நகைக் கடனுக்குத் திரும்பியது. அடகு நகை என்றால் வருஷக் கடைசியில்தான் கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இடையில் கையில் இருப்பதை அசலில் வரவு வைக்க முடியுமா என்று கேளுங்கள், எங்கள் வங்கியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு கடன் தீர்ந்தால் அதன் தவணையை அடுத்த கடனுக்குத் தள்ளுவது. இது தவிர வேறு வித்தை எங்களுக்குத் தெரியாது.

என் வீட்டம்மா மட்டும் ஒன்று கூடச் செய்தாள். நம் கோயில்களில் கைப்பிடி அரிசி வழக்கம் உண்டே, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் காணிக்கையாகக் கொடுப்பது. அந்தப் பிடி அரிசியால் எத்தனையோ ஊழியங்கள் நடந்திருக்கின்றன. அதே மாதிரி தையல் காசில் முதலில் ஒரு பங்கை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல், பம்ப் ரிப்பேர் என்று வந்தால் டின்தான் திறக்கும். அந்த டின் இல்லாவிட்டால் ஆறாவது மாதமே திரும்பக் கடன் வாங்கியிருப்போம், சந்தேகமே இல்லை. நான் முதலில், "வட்டி ஓடும்போது டின்னில் காசு எதுக்கு?" என்று கேட்டவன். என் கணக்கு சரி, அவள் செய்ததுதான் உதவியது.

2013 கடைசியில் வங்கித் தனிநபர் கடன் முடிந்தது. 2014 தொடக்கத்தில் நகை வீட்டுக்கு வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் கூட்டுறவுச் சங்கப் பிடித்தம் நின்றது. அதே மாதம் மைத்துனருக்குக் கடைசித் தவணையை அனுப்பினேன். வட்டியில்லாத கடனைக் கடைசியில் அடைப்பது கணக்குப்படி சரி. ஆனால் யோசித்துப் பாருங்கள், வெயிலில் உழைத்து அனுப்பிவிட்டு ஒரு நாளும் கேட்காமல் இருந்தவரைத்தான் நான் எல்லாருக்கும் பின்னால் நிறுத்தினேன். இந்தக் கணக்கு எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

வளையலை மறுபடி வாங்கினாயா என்று சிலர் கேட்பார்கள். வாங்கவில்லை. 2025-இல் ஒரு பவுன் 90 ஆயிரத்தைத் தாண்டியது. ஏழு பவுன் ஆறு லட்சத்துக்கு மேல். விற்றது நஷ்டமா? தங்கம் இந்தப் பதினாலு வருஷத்தில் ஆறு மடங்குக்குக் கிட்டே ஏறியிருக்கிறது, வருஷத்துக்கு ஏறத்தாழ 13 சதவீதம். நான் கட்டியது வருஷம் 36 சதவீதம். கணக்குப்படி விற்றதே சரி. ஆனால் கணக்கைக் கையில் போட்டுக்கொள்ள முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

தம்பி தங்கச்சிமாருக்குத் தனியாக இரண்டு வார்த்தை. எங்கள் காலத்தில் கடன் கேட்கப் போனால் ஒரு வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டும், அந்தக் கூச்சமே பாதிப் பேரைக் காப்பாற்றியது. இன்று செல்போனில் விரலை வைத்தால் கடன் வருகிறது. வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அந்தச் செயலிக்குப் பின்னால் எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று முதலில் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் என்பதை முன்கூட்டி எழுத்தில் தர வேண்டும், வாங்கிய சில நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வழி இருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில் கை வைக்காதீர்கள்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அப்படியும் 2017 அக்டோபர் 23 அன்று, நான் தினமும் இறங்கும் அதே திருநெல்வேலியில், கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடும் தீக்குளித்தார். கந்து வட்டிக் கொடுமைதான் காரணம். யாரும் பிழைக்கவில்லை. அன்று மாலை ரயிலில் எங்கள் பெட்டியில் யாரும் பேசவில்லை. மூன்று வட்டிக்கு வாங்கிய எனக்குச் சம்பளம் இருந்தது, விற்க வளையல் இருந்தது, கேட்காத மைத்துனர் இருந்தார். அவருக்கு என்ன இருந்தது? நோட்டு எழுதியிருந்தால் தப்பித்திருப்பார் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். அங்கே வேண்டியது சட்டமும் போலீசும் பக்கத்தில் நிற்கிற மனுஷரும். உங்களில் யாருக்காவது, உங்கள் அப்பா அம்மாவுக்காவது, அப்படி ஒரு நெருக்கடி இருந்தால் வீட்டுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஐயரிடம் சொல்லுங்கள், என்னிடமாவது வந்து சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில் அந்த வேப்பமரத்தடியில்தான் இருப்பேன்.

நோட்டு இன்னும் ஓடுகிறது. இது பதினேழாவது நோட்டு. இப்போது பென்ஷன் கணக்கு. நேற்று இரவு எழுதியது: மீன் 180, பால் 52, கூடுகைப் பதிவுக் கட்டணமும் மலருக்கு நன்கொடையும். நன்கொடைத் தொகையைச் செயலாளர் கொஞ்சம் கூட்டச் சொன்னார். வீட்டம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள், அவரே நேராகக் கேட்டுக்கொள்ளலாம்.